பதினொரு டிகிரிப் பாதங்கள்

விசிறியை நிறுத்தினால் பதின்மூன்று. விசிறியைப் போட்டால் பதினொன்று.

அக்காவின் சக்கர நாற்காலியில், வலது கால்பலகையில், கட்டைவிரலுக்குப் பக்கத்தில், தீப்பெட்டி அளவு தெர்மாமீட்டர் ஒன்றைத் தம்பி ஒட்டியிருந்தான். மூன்று முறை மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியதில் ஆறு பயணங்கள். ஒவ்வொன்றிலும் பாதி வழி விசிறியைப் போட்டும் பாதி வழி நிறுத்தியும் பார்த்தாயிற்று. ஆறு தடவையும் அதே கதைதான். வேனின் முன்பக்கத்துச் சூட்டைப் பின்பக்கத்துக்குக் கொண்டுவரத்தான் அவன் அந்த இரண்டு விசிறிகளையும் வாங்கி மாட்டினான். முன்சீட்டுகளுக்கு மேலே, கூரையை ஒட்டி, பின்பக்கம் பார்த்தபடி அவை சுற்றின. சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை. காற்றுக்கும் குறைச்சல் இல்லை. அக்காவின் நெற்றி முடி பறந்தது. முகத்தில் பட்ட காற்று வெதுவெதுப்பாகவும் இருந்தது. பாதத்தில் மட்டும் இரண்டு டிகிரி குறைந்தது.

"சூடான காத்தைத்தான் அனுப்புறேன். அங்க வந்து சேரும்போது எப்படிக் குளிருது?" என்றான் தம்பி.

"வழியில எங்கயாவது இறங்கி டீ குடிச்சிட்டு வருதோ என்னவோ," என்றாள் அக்கா.

சிரித்தார்கள். ஆனால் அது சிரிக்கிற விஷயமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

துணி ஆலையின் மாடிப்படியில் விழுந்து முதுகுத்தண்டு நசுங்கியதிலிருந்து, ஒன்றரை வருடமாக அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. மற்றவர்களுக்குக் கால் குளிர்ந்தால் மூளைக்குத் தகவல் போகும். நாம் நம்மை அறியாமலே காலை ஆட்டுவோம், விரலை மடக்குவோம். தசை வேலை செய்தால் இரத்தம் ஓடும், இரத்தம் ஓடினால் சூடு வரும். அவள் காலில் அந்தத் தகவல் கிளம்பவே கிளம்பாது. சாக்ஸ் மேல் சாக்ஸாக மூன்று ஜோடி போட்டுப் பார்த்தார்கள். சாக்ஸ் சூட்டை உண்டாக்குவதில்லை. இருக்கிற சூட்டைக் காவல் காக்கும், அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் இல்லாத வீட்டுக்கு எத்தனை காவலாளி போட்டு என்ன? போன குளிர்காலத்தில் வெந்நீர்ப் பை வைத்துப் பார்த்தார்கள். பை அதிகச் சூடாக இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. வந்த கொப்புளம் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து காலில் நேராகப் படுகிற எந்தச் சூடும் கூடாது என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். காலைச் சுற்றி இருக்கிற காற்றுதான் சூடாக வேண்டும். வேறு வழி இல்லை.

செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் மருத்துவமனையில் சிகிச்சை. போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரம். நாற்காலியோடு ஏற்றுகிற சாய்தளம் அந்தப் பழைய வேனில்தான் இருந்தது.

கடந்த செவ்வாய்க்கிழமை நர்ஸ் அக்காவின் கால் பெருவிரலை அழுத்தினாள். அழுத்தின இடம் வெளுத்தது. விரலை எடுத்துவிட்டு எண்ணினாள். வெளுத்த இடம் மறுபடி சிவக்க எத்தனை எண்ண வேண்டியிருக்கிறதோ அவ்வளவு மந்தமாக இரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம்.

"ஏழு," என்றாள். "மூணுக்குள்ள வரணும்மா. போன வாரம் அஞ்சு. அதுக்கு முன்னாடி நாலு."

"எண்றதைக் கொஞ்சம் நிதானமா எண்ணக் கூடாதா?" என்றாள் அக்கா.

நர்ஸ் சிரிக்கவில்லை. "டாக்டர் சொல்லச் சொன்னாரு. வியாழக்கிழமையும் இப்படியே இருந்தா, வேன்ல அனுப்ப மாட்டாரு. குளிர் முடியறவரைக்கும் இங்கயே தங்கிட வேண்டியதுதான். மூணு மாசம்."

அந்த இடத்தை அக்காவுக்குத் தெரியும். விபத்துக்குப் பிறகு அங்கே நான்கு மாதம் படுத்திருந்தாள். ஜன்னல் உண்டு, ஆனால் திருகாணி போட்டு மூடியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை யாராவது வந்து அவளைப் புரட்டிப் போடுவார்கள், அவள் தூங்கினாலும் விழித்திருந்தாலும். கூரையில் ஒரு பலகைக்கு எத்தனை துளைகள் என்று எண்ணி முடித்து, எல்லாப் பலகைக்கும் அதே எண்ணிக்கைதானா என்று சரிபார்க்கவும் தொடங்கிவிட்டாள். வீட்டில் அவள் உயரத்துக்கு ஒரு மேஜை இருந்தது. தையல் வேலை இருந்தது. தன் கையாலேயே திறந்து மூட முடிகிற ஒரு கதவு இருந்தது.

தம்பி பம்ப் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் அவனை 'பிரஷர்' என்று கூப்பிடுவார்கள். எந்தக் கோளாறுக்கும் அவனுடைய முதல் வைத்தியம் அழுத்தத்தைக் கூட்டுவது என்பதால் வந்த பெயர். பம்ப் வேலையில் அது தப்பும் இல்லை. தண்ணீரை இழுப்பது கடினம், தள்ளுவது சுலபம். எவ்வளவு பெரிய பம்ப் ஆனாலும் கீழே இருக்கிற தண்ணீரைப் பத்து மீட்டருக்கு மேல் உறிஞ்சி ஏற்ற முடியாது. தள்ளுவதென்றால் மலை மேலேயே ஏற்றலாம். அதனால் பம்பைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்து அங்கிருந்து தள்ளு என்பதுதான் அவன் முதலாளி முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். சூடு முன்பக்கம் இருக்கிறது, ஆகவே விசிறியும் முன்பக்கம், அங்கிருந்து தள்ளு. இதில் என்ன தப்பு என்று அவனுக்குப் புரியவே இல்லை.

பின்கதவு ரப்பரில் இடைவெளி இருக்குமோ என்று புதன்கிழமை பார்த்தான். காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்தான். காகிதம் கிழிந்ததே தவிர வழுக்கி வெளியே வரவில்லை. நான்கு பக்கமும் அப்படித்தான். ரப்பர் சரியாக இருந்தது.

"அப்போ இன்னும் பெரிய விசிறிதான்," என்றான்.

"போடு போடு. சனிக்கிழமை என்னை வார்டுல வந்து பாரு," என்றாள் அக்கா.

வியாழக்கிழமை காலை பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, நீளமான ஒரு பாலத்தின் நடுவில் வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. முன்னால் எங்கேயோ ஒரு லாரி வழுக்கிப் பாலத்துக்குக் குறுக்கே நின்றிருந்தது. தம்பி இறங்கிப் போய் விசாரித்துவிட்டு, புகைக்குழாய் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்றும் குனிந்து பார்த்துவிட்டு வந்து ஏறினான்.

"இழுவை வண்டி வரணுமாம். ஒரு மணி நேரம்ங்கிறாங்க."

"அப்போ ரெண்டு மணி நேரம்," என்றாள் அக்கா.

"பின்னாடி ஒரு ரொட்டி வண்டி. நம்ம கதவுக்கும் அதுக்கும் ஒரு சாண் தான் இருக்கு."

பின்கதவு திறந்தால்தான் சாய்தளம் இறங்கும். சாய்தளம் இறங்க இரண்டு மீட்டர் வேண்டும். பக்கவாட்டுக் கதவை அடைத்துக்கொண்டு தம்பியின் கருவி அடுக்கு நின்றது. நாற்காலியின் நான்கு மூலைகளும் நான்கு பெல்ட்டால் தரையோடு கட்டப்பட்டிருந்தன. ஐந்தாவது பெல்ட் அவள் மார்புக்குக் குறுக்கே போனது. நல்ல நாளிலேயே அக்காவுக்கு அந்த வேனில் தெரிவது தம்பியின் பிடரியும், இரண்டு விசிறிகளும், கண்ணாடியில் ஒரு கீற்று வானமும்தான். வண்டி ஓடும்போது அந்தக் கீற்றாவது மாறும். இப்போது அதுவும் மாறவில்லை.

வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடினால் ஹீட்டருக்குப் போகிற தண்ணீரின் சூடும் குறையும். தெர்மாமீட்டர் பத்தரை காட்டியது.

"விசிறியை நிறுத்தட்டுமா?"

"வேண்டாம், ஓடட்டும். கொஞ்சம் பேசாம இரு."

அவள் மடியில் ஒரு கோட் கிடந்தது. வழி நெடுக அதற்குப் பொத்தான் தைத்துக்கொண்டு வந்தாள். கடைசிப் பொத்தானுக்கு முடிச்சுப் போட்டு, நூலை அறுப்பதற்காகத் தூக்கிப் பிடித்தவள் அப்படியே கையை நிறுத்திவிட்டாள். நூல் நேராகத் தொங்கவில்லை. சாய்ந்திருந்தது. விசிறி முன்னாலிருந்து பின்னால் அடிக்கிறது. நூலோ முன்பக்கம், தம்பியின் பக்கம் சாய்ந்திருந்தது.

"டேய், விசிறி எந்தப் பக்கம் அடிக்குது?"

"உன் பக்கம்தான். மூஞ்சில படலை?"

"மூஞ்சில படுது. மடியில உன் பக்கம் போகுது."

"காத்து என்ன போயிட்டுத் திரும்பி வருமா?" என்று சொன்னவன், சொல்லி முடித்ததும் தலையைத் திருப்பினான்.

அக்கா தையல் பையில் இருந்த அளவுகோலின் நுனியில் ஒரு சாண் நூலைக் கட்டித் தலைக்கு மேலே தூக்கினாள். நூல் பின்கதவைப் பார்த்துப் பறந்தது. கழுத்து மட்டத்துக்கு இறக்கினாள். எந்தப் பக்கமும் சேராமல் தடுமாறியது. மடிக்கு இறக்கினாள், முன்னால் சாய்ந்தது. பெல்ட் அறுக்க அறுக்கக் குனிந்து கால்பலகை வரை கொண்டுபோனாள். அங்கே நூல் விறைப்பாக முன்பக்கம் நீண்டு நின்றது, யாரோ நுனியைப் பிடித்து இழுப்பதுபோல.

"மேல பின்னாடி போகுது. கீழ முன்னாடி வருது. நடுவுல எங்க திரும்புது?" என்றாள். "இங்க வா. எனக்குப் பின்னாடி போய்க் கதவுக்கிட்ட பிடிச்சுப் பாரு."

தம்பி சீட்டுகளுக்கு நடுவே நுழைந்து, நாற்காலியைச் சுற்றிக் கருவி அடுக்கில் இடித்துக்கொண்டு பின்னால் போனான். கதவின் மேல்பாதி முழுக்க ஒற்றைக் கண்ணாடி, கீழ்பாதி வெறும் தகடு. நூலைக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்தான். கீழ்நோக்கிப் பாய்ந்தது. கண்ணாடியில் கை வைத்தவன் உடனே எடுத்தான்.

"ஐஸ் மாதிரி இருக்கு."

இனி அதிகம் யோசிக்க ஏதும் இல்லை. விசிறி தள்ளிய வெதுவெதுப்பான காற்று அக்காவின் தலைக்கு மேலே போனது. போய்ப் பின்கதவில் மோதியது. அந்தக் கண்ணாடியும் தகடும்தான் வண்டியிலேயே குளிர்ந்த இடம். வெளியே பனி அதை நக்கிக்கொண்டிருந்தது. அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டுக் காற்று கனத்தது. குளிர்ந்த காற்று கனமானது, கீழேதான் விழும். விழுந்து, தரையில் பரவி, நாற்காலியின் கீழே புகுந்து, பாதத்தின் மேல் ஓடி முன்பக்கம் போனது. விசிறி இல்லாவிட்டாலும் இது நடக்கும், மெதுவாக: பதின்மூன்று. விசிறி போட்டால் இன்னும் அதிகமான காற்று கண்ணாடியில் மோதும், இன்னும் அதிகமாகக் குளிர்ந்து விழும்: பதினொன்று.

"அப்போ நான்தான்..." என்று தம்பி வாயைத் திறந்தான்.

"நீதான். ஒரு வாரமா என் காலுக்கு ஏசி போட்டிருக்கே."

அவன் தரையில் குந்தினான். "சரி, விசிறியை இறக்கித் தரையில வைச்சு உன் கால் பக்கம் அடிக்க விடட்டுமா?"

"அடிக்கிறதை விடவே மாட்டியா? கீழ்த்தளத்துல தண்ணி நிக்குதுன்னு உன்னைக் கூப்பிட்டா நீ என்ன பண்ணுவே?"

"பம்பைத் தூக்கிட்டுப் போவேன்."

"போய், மேலேயிருந்து நல்ல தண்ணியை ஊத்துவியா?"

தம்பி பின்கதவின் அடியைப் பார்த்தான், பிறகு விசிறிகளைப் பார்த்தான், மறுபடி கதவின் அடியைப் பார்த்தான்.

"தேங்கி நிக்கிறது குளிரு," என்றான் மெல்ல. "அதுதான் தண்ணி."

"அப்பாடா."

"பம்ப் தண்ணிக்குப் பக்கத்துல இருக்கணும்! நான் சொன்னது சரிதான்க்கா, எது தண்ணின்னுதான் தெரியலை."

"பெருமையை அப்புறம் பேசிக்கலாம். ஒன்பதரை ஆயிடுச்சு."

மணி அல்ல, தெர்மாமீட்டர். அவன் குரல் மாறியது. "விரல் என்ன கலர்ல இருக்கு?"

"சாக்ஸுக்குள்ள இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் சாக்ஸைக் கழற்றிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்கிற சூடும் போய்விடும். விசிறிகளைக் கழற்றிக் கீழே வைத்துக் குளிர்க் காற்றை உறிஞ்சி எடுக்க, எழுந்து திருப்புளியை எடுத்தான்.

"இழுக்கும்போது அந்தக் குளிர்க் காத்து என் கால் வழியா வராதா?" என்று அக்கா கேட்டாள். கேட்டதோடு நிற்காமல், உள்ளங்கையை முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து வாயால் ஊதிப் பார்த்தாள், கையில் பட்டது. அதே இடத்தில் வைத்து மூச்சை உறிஞ்சினாள். கையில் ஒன்றுமே தெரியவில்லை. ஊதும் காற்று ஒரே திசையில், ஈட்டி மாதிரி நீண்ட தூரம் போகும். உறிஞ்சும் காற்று எல்லாத் திசையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். வாய்க்கு மிக அருகில் மட்டும்தான் அதற்கு வலு. ஆகவே உறிஞ்சும் வாய் கதவின் அடியிலேயே, குளிர்க் காற்று விழுகிற இடத்திலேயே இருந்தால் போதும். அது பாதம் வரை வருவதற்குள் அங்கேயே அள்ளிக்கொண்டு போய்விடும்.

"வராது. கதவை ஒட்டியே வை," என்றாள்.

விசிறிகள் இரண்டையும் கழற்றினான். ஒன்றின் முதுகில் ஒன்றாக வைத்து டேப் சுற்றினான். பக்கம் பக்கமாக வைத்தால் காற்றின் அளவு கூடும். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் தள்ளும் வலு கூடும், குழாயில் தள்ள அதுதான் வேண்டும். அது அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருவி அடுக்கின் அடித்தட்டிலிருந்து, கீழ்த்தளத்துத் தண்ணீரை வெளியேற்றுகிற நெளிவு நெளிவான பெரிய குழாயை இழுத்தான். அட்டைப் பெட்டியைக் கிழித்து, விசிறியின் வாய்க்கும் குழாயின் வாய்க்கும் நடுவே ஒரு புனல் செய்தான். ஒயர் எட்டவில்லை. இன்னொரு ஒயர்த் துண்டைச் சேர்த்து முறுக்கினான். குளிரில் விரல்கள் விறைத்து இரண்டு முறை டேப் கீழே விழுந்தது. அக்காவால் குனிந்து எடுக்க முடியவில்லை. அது உருண்டு அவள் சக்கரத்தில் சாய்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு, "இடது பக்கம், இன்னும் இடது," என்று சொல்ல மட்டும்தான் முடிந்தது.

"குழாய் எங்க போய் முடியணும்?"

"ஹீட்டர் எங்கேருந்து காத்து எடுக்குது?"

"வெளியேருந்து."

"மைனஸ் ஆறுலேருந்தா?" என்றாள் அக்கா. "அடப்பாவி."

பழைய வேன்களில் ஹீட்டருக்கு ஒரு நெம்புகோல் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் வெளிக்காற்றை எடுத்துச் சூடாக்கும், மறுபக்கம் தள்ளினால் உள்காற்றையே எடுத்துச் சூடாக்கும். உள்ளே இருக்கிற பத்து டிகிரிக் காற்றுக்கு அது பாதி வேலைதான். தம்பி உள்காற்றுக்கு மாற்றினான். பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடத்தில், வலைபோட்ட ஒரு திறப்பு உறிஞ்சத் தொடங்கியது. குழாயின் நுனியை அதன் முன்னால் வைத்து டேப் ஒட்டினான். விசிறியைப் பின்கதவின் அடியில், உறிஞ்சும் பக்கம் கதவைப் பார்த்தபடி தரையில் கிடத்தினான். ஸ்விட்சைப் போட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. அதாவது, அக்காவின் முடி பறக்கவில்லை, முகத்தில் காற்று படவில்லை. பொட்டுக் காற்று இல்லை.

"ஓடுதா?"

"ஓடுது."

தெர்மாமீட்டர் ஒன்பதரையிலேயே நின்றது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். முன்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள், அதைக் கேட்டு எல்லோரும் அடித்தார்கள், பிறகு ஓய்ந்தது. அக்கா மூடிய ஜன்னலைப் பற்றி நினைத்தாள். கூரைப் பலகையின் துளைகளைப் பற்றி நினைத்தாள். ஒன்பதரை. பெல்ட்டை நெகிழ்த்திக்கொள்ளக் கை வைத்தாள். நெகிழ்த்தி எங்கே போவது என்று கையை எடுத்துவிட்டாள்.

நூலைக் கால்பலகைக்கு இறக்கினாள். நேராகத் தொங்கியது.

"நின்னுடுச்சு," என்றாள். "கால்கிட்ட காத்து நின்னுடுச்சுடா."

அடுத்து எண் பத்து ஆயிற்று. பத்தரை. குளிர்க் காற்றைக் கீழே வெளியேற்ற வெளியேற்ற, அது விட்டுப்போன இடத்துக்கு மேலே நின்றிருந்த வெதுவெதுப்பு தானாகவே இறங்கி வந்தது. யாரும் அதைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று.

பதினைந்தில் முன்கண்ணாடி மங்கியது. உள்காற்றே சுற்றினால் இரண்டு பேர் விடுகிற மூச்சின் ஈரமும் உள்ளேயே சுற்றும். தம்பி நெம்புகோலை வெளிக்காற்றுப் பக்கம் ஒரு விரல் அகலம் தள்ளினான். கண்ணாடி ஓரத்திலிருந்து தெளிந்தது. பதினைந்து பதினைந்தாகவே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பதினாறு ஆயிற்று.

இழுவை வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வண்டிகள் நகர்ந்ததும் எஞ்சின் வேகம் பிடித்தது, ஹீட்டருக்குச் சூடான தண்ணீர் போனது. அக்கா மீதி வழி முழுக்க எண்ணை உரக்க வாசித்துக்கொண்டே வந்தாள். தம்பி ஒவ்வொரு தடவையும், "சும்மா சொல்லாதே," என்றான்.

மருத்துவமனையில் நர்ஸ் சாக்ஸைக் கழற்றினாள். விரலை அழுத்தினாள், எடுத்தாள். அக்கா தன் காலைப் பார்க்காமல் நர்ஸின் வாயைப் பார்த்தாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூ..." நர்ஸ் நிறுத்தினாள். குனிந்து மறுபடி அழுத்தி எண்ணினாள். "மூணு."

"நிதானமா எண்ணினீங்களா?"

"இல்லம்மா. சரியாத்தான் எண்ணினேன்." நர்ஸ் தாளில் எழுதினாள். "வீட்டுக்குப் போங்க. சனிக்கிழமை வாங்க. வண்டியில என்ன பண்ணீங்க?"

தம்பி, "கூரையில..." என்று ஆரம்பித்தான். அக்கா அவனைக் கையால் தடுத்துவிட்டுச் சொன்னாள்:

"விசிறி ரெண்டும் பின்கதவுக்கு அடியில, தரையில இருக்கு. கதவுலேருந்து விழற குளிர்க் காத்தை அங்கயே உறிஞ்சி, குழாய் வழியா முன்னாடி ஹீட்டருக்குள்ள அனுப்புது. ஹீட்டர் உள்காத்தைத்தான் சூடாக்குது, வெளிக்காத்துக்கு ஒரு விரல் அளவுதான் திறப்பு. பாதத்துல பத்தொன்பது."